மார்த்தாண்டம் பிளாஸ்டிக் வெல்டிங் கடை: சூட்டின் அளவு தெரிந்த கை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, வெட்டுவெந்நிக்குப் போகிற பக்கம், தகரக் கொட்டகை ஒன்றில் பிளாஸ்டிக் வெல்டிங் நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் தொங்கும் பழைய பம்பர்களையும் பைக் மட்கார்டுகளையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெடித்த தண்ணீர் டேங்க், மருந்தடிக்கும் பம்ப், ஸ்கூட்டர் பேனல், மீன் விற்கிறவர்களின் பெட்டி என்று எல்லாம் அங்கே வருகின்றன. என் வீட்டு வேலைகள் சிலவற்றை அந்தக் கடைக்காரரிடம் கொடுத்து வாங்கிய பிறகு எழுதுகிறேன். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இருக்கிறவர்கள் உடைந்த பிளாஸ்டிக் சாமானைத் தூக்கிப்போடும் முன் ஒரு தடவை இங்கே காட்டிவிடுங்கள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைந்ததற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

நான் யாரென்று சொன்னால்தான் என் தீர்ப்பை எடைபோட முடியும். எர்ணாகுளம் பக்கம் பி.வி.சி. பைப் செய்யும் கம்பெனியில் பிளாஸ்டிக்கை உருக்கிப் பைப்பாக இழுக்கும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தின் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது குலசேகரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உருகும் சூட்டுக்கும் கருகும் சூட்டுக்கும் நடுவில் இருக்கிற குறுகிய இடத்தைக் காவல் காப்பதிலேயே என் வேலைக்காலம் முழுக்கப் போனது. ஆகவே ஒருவர் கையில் சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது ஒட்டின் அழகை அல்ல, புகை வருகிறதா என்பதைத்தான். இந்தக் கடையில் ஒட்டும் இடத்தில் புகை வரவில்லை. பாராட்டு முழுவதும் அந்த ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

சாமானைக் கொண்டுபோய் மேசையில் வைத்ததும் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை. "அண்ணா, இது என்ன பிளாஸ்டிக்காக்கும்னு முதல்ல பாப்போம். விலை பொறவு சொல்லுதேன்" என்றார். வேறு இடங்களில் இந்தக் கேள்வியே வராது. சால்டரிங் அயர்னைக் காயவைத்து, பிளந்த இடத்தில் இழுத்துவிட்டு, நூறு ரூபாய் வாங்கி அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரத்தில் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே மறுபடி பிளக்கும்.

இவர் முதலில் முத்திரையைத் தேடுகிறார். முக்கோணத்துக்குள் எண் இருக்கும்: 2 என்றால் அடர்த்தி கூடிய பாலித்தீன், 3 என்றால் பி.வி.சி., 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன். வண்டி பாகங்களில் உள்பக்கம் எழுத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். முத்திரை தேய்ந்திருந்தால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுவார். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். பிறகு கொட்டகைக்கு வெளியே வந்து சீவலை இடுக்கியில் பிடித்துத் தீ காட்டுவார். அடியில் நீலமும் நுனியில் மஞ்சளுமாக எரிந்து, சொட்டுச் சொட்டாக விழுந்து, அணைத்ததும் மெழுகுவர்த்தி வாடை அடித்தால் பாலித்தீன். கரும்புகையும் ஒட்டடையும் பறந்தால் ஏ.பி.எஸ். (ஸ்டைரீன் கலந்த கெட்டிப் பிளாஸ்டிக்) அல்லது பாலிஸ்டைரீன். தீயை எடுத்ததும் தானாக அணைந்து மூக்கைக் குத்தினால் பி.வி.சி. அதிலும் சந்தேகம் வந்தால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சீவலைத் தொட்டு மறுபடி தீயில் காட்டுவார். பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. எங்கள் கம்பெனி லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் செய்த சோதனையை இவர் லுங்கியோடு செய்கிறார், அதே கவனத்தோடு. வளைகுடாவில் ரசாயனத் தொட்டிகள் வெல்டிங் செய்யும் வேலையில் இருந்தாராம். அந்தப் பழக்கம் கையில் நிற்கிறது.

ஏன் இவ்வளவு பாடு? எல்லாப் பிளாஸ்டிக்கும் சூட்டில் ஒரே மாதிரி கெடுவதில்லை. தோவாளைச் சந்தையில் பூச்சரம் தொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சின்ன மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் வரிசையாகத் தொடுத்த நீண்ட சரம்தான் பாலிமர். சூடு ஏறும்போது முதலில் சரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். அது உருகுவது. ஆறினால் பழையபடி இறுகிவிடும், சரத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் சூடு ஏறினால் சரமே கெடும். அது சிதைவது. அதைத் திருப்ப முடியாது. பாலித்தீன் சரம் நடுவில் எங்கே வேண்டுமானாலும் அறும். நீளமும் குட்டையுமாகத் துண்டுகள் கிடைக்கும்: மெழுகு, எண்ணெய், வாயு என்று எல்லாம் கலந்து வரும். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் அக்ரிலிக் அப்படி இல்லை. நுனியிலிருந்து ஒவ்வொரு பூவாகக் கழன்று, தொடுப்பதற்கு முன்பிருந்த உதிரிப்பூவே திரும்பக் கிடைத்துவிடும். முந்நூறு டிகிரிக்கு மேல் காற்றில்லாமல் சூடாக்கினால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதன் மூலப்பொருளான மீத்தைல் மெத்தாக்ரிலேட்டாகவே திரும்பி வரும். தெர்மோகோல், அதாவது பாலிஸ்டைரீன், இரண்டுக்கும் நடுவில்: அதன் மூலப்பொருளான ஸ்டைரீன் நிறைய வரும், கூடவே துண்டுகளும் வரும். பி.வி.சி. மூன்றாவது வகை. நார் அறுவதற்கு வெகு முன்பே பூவிலிருந்து இதழ் உதிரும், அதாவது ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். மிஞ்சிய நார் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கறுக்கும்.

நம் ஊர் ரப்பரும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். 1860-ல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற இங்கிலாந்து வேதியியலாளர் ரப்பரைக் காற்றுப்படாமல் சூடாக்கி, வந்த ஆவியைக் குளிரவைத்து, ஐசோப்ரீன் என்ற திரவத்தைப் பிரித்தெடுத்தார். மரத்துப் பால் எந்தச் சின்ன மூலக்கூறால் ஆனது என்று உலகுக்குத் தெரிந்தது அதைச் சூட்டில் சிதைத்துப் பார்த்ததால்தான். தினமும் சிரட்டையில் பால் எடுக்கிற நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் கொடுத்தது மொட்டைமாடி டேங்க், ஆயிரம் லிட்டர். தண்ணீர் வெளியே போகும் குழாய் டேங்கில் சேரும் இடத்தில் மேல்நோக்கி ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. குழாயின் பாரம் முழுவதும் அந்த இணைப்பில் தொங்கியதுதான் காரணம். அதற்கு முன் ஒருவர் வந்து எபாக்சி பசை அப்பிவிட்டுப் போயிருந்தார். பாலித்தீனில் எபாக்சி பிடிக்காது. அந்தப் பரப்பில் பசை பற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை. காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினால் தகடாகப் பெயர்ந்து வந்தது.

டேங்கை இறக்கிக் கொண்டுபோக வழியில்லை என்றதால் அவரே வீட்டுக்கு வந்தார், வெயில் தாழ்ந்த பிறகு. முதலில் பிளவின் மேல்நுனியில் சின்ன ட்ரில் பிட்டால் ஒரு துளை போட்டார். அது இல்லாவிட்டால் பிளவு ஓடிக்கொண்டே போகும். பிறகு பிளவைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சுரண்டினார். வெயிலில் கிடந்த டேங்கின் மேல்தோல் தொட்டால் மாவாக வரும். அது வெறும் அழுக்கில்லை. வருடக்கணக்கில் வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து சரங்களை அறுத்துக் குட்டையாக்கிய பகுதி. சூடு நிமிடத்தில் செய்வதை வெயில் பைய பையச் செய்திருக்கிறது. அந்தத் தோலோடு வெல்டிங் போட்டால் புதுக் கம்பி கெட்ட தோலில் ஒட்டும், கெட்ட தோல் டேங்கை விட்டு உரிந்துவிடும். பளபளப்பான பாலித்தீன் தெரியும்வரை சுரண்டியது எனக்குத் திருப்தி. அவசரக்காரர்கள் விட்டுவிடுகிற வேலை அதுதான்.

கன்னில் காற்றின் சூடு முந்நூறை ஒட்டிக் காட்டியது. பலர் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். டேங்க் செய்யும் பாலித்தீன் 125 டிகிரி பக்கத்தில் உருகிவிடும், எதற்கு முந்நூறு என்று கேட்பார்கள். முந்நூறு என்பது காற்றின் சூடு, பிளாஸ்டிக்கின் சூடு அல்ல. கன் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தால் பரப்பு உருகும் அளவுக்கு மட்டும் ஏறும். நின்றுவிட்டால் இருநூறைத் தாண்டும், அப்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜன் உள்ளே புகும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றே இல்லாத பாத்திரத்தில் வைத்தால் பாலித்தீன் நானூறு டிகிரியை நெருங்கும்வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே உள்ள பிணைப்பு அவ்வளவு உறுதி. திறந்த வெளியில் கதை வேறு. சூட்டில் எங்கேயோ ஒரு ஹைட்ரஜன் கழன்று, அந்த இடத்தில் ஒற்றை எலக்ட்ரான் துருத்திக்கொண்டு நிற்கும். அதில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டியது பக்கத்துச் சரத்திலிருந்து இன்னொரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். அங்கே இன்னொரு காயம். இப்படி ஒன்று பலவாகும். நடுவில் உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடு சூட்டில் பிளந்து மேலும் இரண்டு காயங்களை உண்டாக்கும். கடைசியில் சரங்கள் குட்டையாகி, ஒட்டு மஞ்சளித்து, நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். இதைத் தடுக்கத்தான் கம்பெனியிலேயே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கலக்கிறார்கள். அது தன்னைக் கொடுத்து அந்தக் காயங்களை ஆற்றும், ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் தீரும். வெளிநாடுகளில் நுணுக்கமான வேலைக்குக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் ஊதி வெல்டிங் செய்வதும் இதற்காகத்தான்.

அவர் கை நிற்கவில்லை. கம்பியையும் பள்ளத்தையும் மாறி மாறிக் காட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் மினுங்கியதும் கம்பியை அழுத்தி, பின்னாலேயே உருளையால் தேய்த்தார். "மினுங்கினா போதும் அண்ணா. புகை வந்தா போச்சு" என்றார். நான் மேலே நாலு வரி எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். வெளிப்பக்கம் முடிந்ததும் டேங்குக்குள் இறங்கி உள்பக்கமும் ஒரு வரிசை போட்டார். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க நான் வாளியை எடுத்தபோது வேண்டாம் என்று தடுத்தார். சட்டென்று ஆறினால் ஒட்டுக்குள் இழுவிசை தங்கிவிடும், அது தெரிந்த மனிதர். மறுநாள் நிரப்பிப் பார்த்தேன். ஒரு மழைக்காலம் தாண்டியும் ஒரு சொட்டு இல்லை. குழாய்க்கு அடியில் செங்கல் வைத்துப் பாரத்தைத் தாங்கச் சொன்னதும் அவர்தான். கூலி 450 ரூபாய். புது டேங்க் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இங்கே எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அவர் பயன்படுத்திய கம்பி கடையில் வாங்கியது அல்ல, உடைந்த பழைய டேங்கிலிருந்து கீறி எடுத்தது. நிறம் பொருந்துகிறது, செலவு குறைகிறது, சரிதான். ஆனால் அந்தப் பழைய டேங்கில் தடுப்பான் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை அச்சில் சூடாகி, வெயிலில் வருடங்கள் கிடந்து, இப்போது மறுபடி சூடாகிறது. வெயில் படாத அடிப்பாகத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னார், அது நல்ல யோசனை. இருந்தாலும் குடிதண்ணீர் டேங்குக்குப் புதுக் கம்பி கேட்டு வாங்குங்கள். கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுத்தால் போடுவார். வேலை முடிந்ததும் முதல் தடவை நிரப்பும் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிடுங்கள்.

டேங்க் வாங்கும்போதே ஐ.எஸ். 12701 முத்திரை பாருங்கள் என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துவிடுகிறேன். பாலித்தீன் தண்ணீர் டேங்குக்கான இந்தியத் தர எண் அது. மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்தும் பாருங்கள். பொடியை அச்சில் போட்டு அடுப்புக்குள் சுழற்றித்தான் இந்த டேங்குகளைச் செய்கிறார்கள். சூடு கூடிப்போயிருந்தால் உள்பரப்பு மஞ்சளித்து ஒரு காட்டமான வாடை வரும். அது பிறக்கும்போதே ஆயுள் குறைந்த டேங்க்.

அடுத்தது மருந்து பம்ப். ரப்பர் இளங்கன்றுகளுக்கு போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து அடிக்கும் தோள் பம்ப், அடிப்பாகத்தில் முக்கோணம் 5, அதாவது பாலிபுரொப்பிலீன். கழுவிவிட்டுத்தான் கொண்டுபோனேன். ஆனாலும் பிளவின் இடுக்கில் மயில்துத்தத்தின் நீலம் தங்கியிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. "நீலம் போகாம சூடு காட்டப்பிடாது அண்ணா. போட்டா நிக்காது" என்று சொல்லி, ஒரு பையனைக் கூப்பிட்டு உப்புத்தாளால் நீலம் துளியும் இல்லாமல் தேய்க்க வைத்தார்.

இதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. மயில்துத்தம் என்பது செம்பு உப்புதான். செம்பு, பாலிபுரொப்பிலீனுக்கு ஜென்மப் பகை. பாலிபுரொப்பிலீன் சரத்தில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு மீத்தைல் கிளை நிற்கிறது. கிளை நிற்கும் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் பாலித்தீனில் இருப்பதைவிட எளிதாகக் கழலும். அதனால்தான் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி தாண்டிச் சூடு கேட்கிற பிளாஸ்டிக்காக இருந்தும் ஆக்சிஜனுக்கு முன்னால் பலவீனமானது. அங்கே செம்பு அயனி இருந்துவிட்டால் நான் மேலே சொன்ன ஹைட்ரோபெராக்சைடை அது தொடர்ந்து உடைத்துக்கொண்டே இருக்கும், தான் தீராமல். செம்புக் கம்பிக்குப் பாலித்தீன் உறை போடும் கேபிள் கம்பெனிகள் இதற்கென்றே உலோகத்தைக் கட்டிப்போடும் மருந்து கலக்கின்றன. ரப்பர்க்காரர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான், ஷீட்டில் செம்பு பட்டால் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். இவ்வளவு வேதியியலையும் அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. நீலம் இருந்த பம்ப் எல்லாம் அதே இடத்தில் மறுபடி உடைந்து திரும்பி வந்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறார். பம்ப் வேலைக்கு 150 ரூபாய் வாங்கினார். ஒட்டு கொஞ்சம் மேடாகத் தெரிகிறது, தோளில் உறுத்தவில்லை, கசிவும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை கடையின் மிகப் பெரிய சிறப்பு, எதைச் செய்ய மாட்டேன் என்று சொல்கிறார் என்பதில் இருக்கிறது. நான் இருக்கும்போதே ஒருவர் பி.வி.சி. பைப்பை எடுத்து வந்து, நுனியைச் சூடாக்கி விரித்துத் தரச் சொன்னார். நம் பக்கத்தில் எல்லா பிளம்பரும் செய்கிற காரியம்: சூட்டடுப்போ ஓலையோ பேப்பரோ கொளுத்தி, பைப் நுனியை அதில் காட்டி, இளகியதும் இன்னொரு பைப்பை உள்ளே திணித்து வாய் உண்டாக்குவது. இவர் செய்யவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளர் வாங்கி, சால்வென்ட் சிமெண்ட் போட்டு மாட்டச் சொல்லி அனுப்பினார். அந்த மனிதருக்குக் கோபம். எனக்கு அவரை நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. இங்கே சொல்கிறேன்.

பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின், சரியாகச் சொன்னால் 57 சதவீதத்தை ஒட்டி. சூட்டில் கெடாமல் காக்கும் மருந்தான நிலைநிறுத்தி கலக்காத பி.வி.சி. நூறு டிகிரியைத் தாண்டியதுமே ஹைட்ரஜன் குளோரைடை விட ஆரம்பித்துவிடும். ஆனால் பைப்பாக இழுக்க 170-லிருந்து 200 டிகிரி வரை வேண்டும். கெடும் சூடு உருகும் சூட்டுக்குக் கீழே இருக்கிற விபரீதமான பொருள் அது. ஒரு இடத்தில் ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் குளோரைடு போனால் அங்கே இரட்டைப் பிணைப்பு உண்டாகி, பக்கத்துக் குளோரினின் பிடியைத் தளர்த்தும். அதுவும் போகும், அடுத்ததும் போகும். வெளியேறிய அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். இரட்டைப் பிணைப்புகள் ஏழெட்டு வரிசையாகச் சேர்ந்ததும் கண்ணுக்கு மஞ்சள் தெரியும். ஒரு கிலோ சுத்தமான பி.வி.சி. தன்னிடம் உள்ள குளோரின் முழுவதையும் இழந்தால் 580 கிராம் அளவுக்கு ஹைட்ரஜன் குளோரைடு வரும். கண்ணீரிலும் மூச்சுக்குழாயின் ஈரத்திலும் கரைந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

எங்கள் எக்ஸ்ட்ரூடரில் கரண்ட் போய் ஸ்க்ரூ நின்றுவிட்டால் எல்லோரும் ஓடுவோம். ஸ்க்ரூ சுழலும் சூடான பேரலுக்குள் நிற்கிற பி.வி.சி. மால் கருக ஆரம்பித்தால் ஒன்றும் செய்ய முடியாது. கரண்ட் வந்ததும் முதல் வேலை சூட்டைக் குறைத்து, கழுவும் காம்பவுண்டைப் போட்டு உள்ளே இருப்பதைத் தள்ளி வெளியேற்றுவது. தாமதமானால் ஸ்க்ரூவைக் கழற்றிப் பித்தளைச் சுரண்டியால் கரியைச் சுரண்ட வேண்டும். குரோமியம் பூசிய இரும்பையே அந்த அமிலம் அரித்துவிடும். பைப்புக்கு வடிவம் தரும் டையில் தங்கிய ஒரு துளி கரி அரை நாள் ஓட்டத்தின் பைப்பெல்லாம் பழுப்புக் கோடு போடும். அதையெல்லாம் ஸ்கிராப்பில் தள்ளினோம், விற்கவில்லை. அப்படிக் காவல் காத்துச் செய்த பைப்பை ஓலைத் தீயில் காட்டிப் பழுப்பாக்கும்போது வயிறு எரிகிறது. பழுப்பான இடம் நிலைநிறுத்தி தீர்ந்த இடம். மோட்டார் போட்டதும் தண்ணீர் அடிக்கிற அடியில் அங்கேதான் முதலில் வெடிக்கும். பழைய பைப்பாக இருந்தால் இன்னொரு கவலை: நிலைநிறுத்தியாக ஈயச் சேர்மங்கள் கலந்த காலம் உண்டு. 2021-ல் மத்திய அரசு பி.வி.சி. பைப்பில் ஈய நிலைநிறுத்திக்கு எதிராக விதி கொண்டுவந்தது. இப்போது கால்சியம்–துத்தநாகம், டின் வகைகள் வந்துவிட்டன. மண்ணுக்குள் இருக்கும் பழைய லைன் எந்தக் காலத்ததோ.

பேக்லைட் பிடி, பழைய சுவிட்ச் போர்டு மாதிரியானவற்றையும் அவர் திருப்பித் தந்துவிடுவார். அவற்றில் சரங்கள் தனித்தனியாக இல்லை. குறுக்கே கட்டி ஒரே வலையாகிவிட்டவை. உருகவே உருகாது, நேராகக் கரியாகும். அக்ரிலிக் பலகைக்குச் சூடு வைக்காமல் கரைப்பான் விட்டு ஒட்டுகிறார், சுத்தமாக இருக்கிறது.

சீவலும் தூளும் என்ன ஆகின்றன என்று கேட்டேன். வகை வகையாகச் சாக்கில் கட்டி வைத்து, குருணை அரைக்கும் இடத்துக்கு விற்கிறார். கடைக்குப் பின்னால் தீ போட்ட கறுப்புத் தடம் எங்கும் இல்லை, நான் போய்ப் பார்த்தேன். இதற்கே ஒரு மதிப்பெண் தனியாகக் கொடுக்கலாம். நம் தோட்டங்களில் ரப்பர் மரத்துக்கு மழைக்காப்பாகக் கட்டும் பாலித்தீனைச் சீசன் முடிந்ததும் உரித்து, தாரோடு சேர்த்துப் புகைக்கூட்டு அடுப்பில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜன் போதாத இடத்தில் எரியும் பாலித்தீன் ஒட்டடையையும் கார்பன் மோனாக்சைடையும் கண்ணைக் கரிக்கும் ஆல்டிஹைடுகளையும் விடும். வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது அதைவிட மோசம். பி.வி.சி.யும் செம்பும் ஒரே தீயில் சேர்ந்தால் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாவதற்கு செம்பே வழிசெய்து கொடுக்கிறது. 2023 மார்ச் 2-ஆம் தேதி கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ பத்து நாளுக்கு மேல் புகைந்தது. என்னோடு வேலை பார்த்தவர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்த கதையைப் போனில் கேட்டேன். அதே புகையின் சின்னப் பங்கைத்தான் நாம் சாயங்காலம் முற்றத்தில் மூட்டுகிறோம்.

இனி குறைகள். முதலாவது, அவருடைய உடம்பைப் பற்றியது. கொட்டகை ஒரு பக்கம் திறந்திருக்கிறது, பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் ஓடுகிறது. ஆனால் முகத்தில் கட்டியிருப்பது ஒரு துவர்த்து, அதாவது துண்டு. துணியோ தூசி மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது. ஏ.பி.எஸ். சூடாகும்போது ஸ்டைரீன் வாடை அந்த இடம் முழுக்க நிற்கிறது. தீ காட்டிச் சோதிக்கும்போது சில நேரம் மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார், அந்தப் பழக்கத்தை விட வேண்டும். கரி வடிகட்டி வைத்த மாஸ்க் ஒன்று வாங்குங்கள், பையனுக்கும் சேர்த்து வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோதும் துவர்த்துதான். நான் குறைத்த அரை மதிப்பெண் இதற்காக. நேர்த்தியாக வேலை செய்கிறவரின் நுரையீரல் அதைவிட நேர்த்தியாக இருக்க வேண்டும்.

மற்றவை சிறியவை. சொன்ன நாளில் கிடைக்காது, ஒன்றிரண்டு நாள் தள்ளும். போனை எடுப்பதில்லை. பில் கிடையாது. வாய்வார்த்தை உத்தரவாதம்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் பக்கெட் மறுபடி பிளந்தபோது காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தார். பேனல் வேலையில் பெயிண்ட் அடித்துத் தர மாட்டார், ஒட்டு வெளியே தெரியும். அழகு முக்கியமென்றால் அதற்குப் பிறகு பெயிண்டரிடம் போக வேண்டும்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு கடை இல்லை, மற்ற நாட்களில் காலை பத்துக்கு மேல் போனால் ஆள் இருப்பார். பாலத்துக்கடியில் கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம், ஸ்கூட்டரில் போங்கள். உடைந்து விழுந்த துண்டுகளைக் கழிக்காமல் எடுத்துப்போங்கள், ஒட்டுக்கான கம்பியை அதிலிருந்தே கீறிக்கொள்வார். முன்பு பசை, பட்டி ஏதாவது தடவியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டேங்க் வேலைக்கு வீட்டுக்கு வரச் சொல்வதாக இருந்தால் முதல் நாளே காலி செய்து மூடியைத் திறந்து காயவிடுங்கள். ஈரம் ஆவியாகி ஒட்டுக்குள் குமிழ் விழும் என்பதால், கை வைத்துப் பார்த்து நனைந்திருந்தால் கன்னை எடுக்காமலே திரும்பிப் போய்விடுவார்.